குடிசை என்ற சொல்

யோர்க்‌ஷயரில் வாரம் பெர்சி என்றொரு கைவிடப்பட்ட கிராமம் இருக்கிறது. கூரையில்லாத தேவாலயம், ஒரு குளம், புல் மூடிய மேடுபள்ளங்கள். 1500ஐ ஒட்டி, செம்மறியாடு மேய்ப்பதற்காகக் கடைசிக் குடும்பங்களையும் நிலப்பிரபு வெளியேற்றினார். லீட்ஸில் இத்தனை வருடம் இருந்தும் போன கோடையில்தான் மகளோடு அங்கே போனேன்.

தொல்லியலாளர் ஜோன் ஹெர்ஸ்ட் தன் வாழ்வின் பெரும் பங்கை அந்த மேடுகளுக்குக் கொடுத்தவர். பொருளாதார வரலாற்றாசிரியர் மொரிஸ் பெரஸ்ஃபோர்ட் 1950இல் தொடங்கிய அகழ்வில் 1952இல் சேர்ந்து, 1990 வரை கோடைதோறும் தொண்டர்களோடு தோண்டினார். இடைக்காலம் என்றால் கோட்டையும் மடாலயமும்தான் என்றிருந்த நாளில் அவர் தேடியது குடியானவனின் வீட்டை. சுவரைத் தேடிக் குறுகலாக வெட்டாமல், வீட்டு நிலம் முழுவதையும் திறந்து படை படையாக உரித்தார்.

அப்படிப்பட்டவரும் பிழைவிட்டார். சுவர்த்தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பிக் கிடந்ததால், இவை ஒரு தலைமுறைக்குமேல் தாங்காத, அடிக்கடி இடித்துக் கட்டிய குடில்கள் என்று முடிவானது. 1980களில் ஸ்டுவர்ட் ராத்மெல் அந்தப் பதிவுகளை மறுபடி படித்தார். கூரையைத் தாங்கியது சுவரல்ல, வளைந்த மரச்சட்டங்கள். அவை குழி தோண்டி நடப்படாததால் மண்ணில் தடமில்லை. திரும்பத் திரும்ப மாறியது சுவர். வீடு அப்படியே நின்றது.

இது சான்றின் குறையா, ஏழையின் வீடு இப்படித்தான் இருக்கும் என்ற நினைப்பின் குறையா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். உயிரோடிருப்பவர் என்றால் மறுத்துப் பேசுவார். இறந்தவருக்கு அந்த வழியில்லை. ஆனால் ஹெர்ஸ்ட் தன் முடிவை மட்டுமல்ல, கண்ட ஒவ்வொரு கல்லையும் பதிந்து வைத்தார். அதனால்தான் அவரைத் திருத்த முடிந்தது.

நான் அப்படிச் செய்யவில்லை. சாப்பாட்டை மிச்சம் வைக்கும்போதெல்லாம், "நாங்கள் குடிசையில வளர்ந்தனாங்கள்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். அப்பம்மாவின் மண்வீட்டுக்கு ஓலை மாற்றுவோம், சுவருக்குச் சாணம் மெழுகுவோம். பனைமர வளையும் சலாகையும் மட்டும் அவவின் தகப்பன் வைத்தவை. அதைச் சொன்னதில்லை.

திரும்பும் வழியில் மகளுக்குச் சொன்னேன். "எத்தினை அறை அப்பா? எந்தப் பக்கம் வாசல்?" என்று கேட்டாள். வாசல் நினைவிருந்தது. அறைகளை எண்ணத் தொடங்கி, நடுவில் நிறுத்திவிட்டேன்.