கேரீத் ஆறு வற்றிப்போன நாள்

 

சென்ற கூடுகையில் ஜெபப் பெட்டியைத் திறந்து சீட்டுகளை எடுத்துப் படித்தேன். வழக்கமாய் சுகவீனம், கல்யாணக் காரியம், பிள்ளைப் பாக்கியம் என்று எழுதியிருப்பீர்கள். இந்த முறை பாதிக்கு மேல் ஒரே காரியம்தான்: வேலை. "மகன் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை, பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள், ஜெபிக்கவும்." "கான்ட்ராக்ட் இந்த மாதத்தோடு முடிகிறது, ஜெபிக்கவும்." ஒரு சீட்டில் பெயரே இல்லை. "பஸ் நிறுத்திட்டாங்க" என்று மட்டும் இருந்தது. நம் உத்திரமேரூர்க்காரர்களுக்கு அது போதும், விளக்கம் வேண்டாம். விடியற்காலை நாலு மணிக்குத் தெருமுனையில் வந்து நிற்கும் கம்பெனி பஸ் ஒருநாள் வராமல் போனால் எத்தனை வீட்டில் அடுப்பு அணையும் என்று நமக்குத் தெரியும்.

பிரியமானவர்களே, இது நமக்குப் புதிதல்ல. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியபோது நம் பக்கத்துக் கிராமங்களில் இருந்த சந்தோஷத்தை நான் கண்ணால் கண்டவன். பன்னிரண்டாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யும் டிப்ளமோவும் முடித்த பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், யூனிபார்ம் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்கள். உச்சத்தில் நிரந்தரத் தொழிலாளர்கள் மட்டுமே 8,000 பேர் அளவில் இருந்தார்கள். உலகத்திலேயே பெரிய கைபேசித் தொழிற்சாலைகளில் ஒன்று நம் மாவட்டத்தில் என்று பெருமை பேசினோம்.

பிறகு நடந்தது என்ன? ஜனங்கள் தொடுதிரை போனுக்கு மாறினார்கள். 2013-ல் வருமான வரித்துறை 2,000 கோடி ரூபாய்க்கு மேல் வரி கேட்டது. மாநில அரசு விற்பனை வரி என்று 2,400 கோடி கேட்டது. வழக்கினால் தொழிற்சாலைச் சொத்து முடங்கியது. 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் கைபேசித் தொழிலை வாங்கியபோது இந்தத் தொழிற்சாலையைச் சேர்க்காமல் விட்டுவிட்டது. 5,000க்கும் மேற்பட்டவர்கள் வி.ஆர்.எஸ். எழுதிக்கொடுத்துவிட்டு வெளியே வந்தார்கள். 2014 நவம்பர் 1-ம் தேதி கதவு மூடப்பட்டது. அடுத்த மாதமே பக்கத்தில் ஃபாக்ஸ்கானும் நிறுத்தியது. பின்லாந்திலும் அமெரிக்காவிலும் டில்லியிலும் பேசினார்கள், முடிவெடுத்தார்கள். லைனில் நின்று போனுக்குத் திருகாணி போட்ட பிள்ளைக்கு அதில் ஒன்றிலும் பங்கில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

இப்போது நான் ஒன்றை அறிக்கையிட வேண்டும். எழுதக் கை நடுங்குகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

நம் சபையில் ஒரு சகோதரி. தகப்பனார் இல்லை. ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. போன வருஷம் ஒரு சாயங்காலம் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் "லைன்ல ஆள் குறைக்கிறோம், நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். காகிதம் ஒன்றும் கையில் கொடுக்கவில்லை. அதற்குப் பின் மூன்று ஞாயிறு அந்தப் பிள்ளை ஆராதனைக்கு வரவில்லை. நான் வீட்டுக்குப் போனேன். வேலை போன கதையைத் தாயார் சொல்லி அழுதார்கள். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "அம்மா, தசமபாகத்தில ஏதாவது குறை வெச்சீங்களா?"

அந்தத் தாய் பதில் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்கள். மாதாமாதம் சம்பளம், அதற்குப் பக்கத்தில் பத்தில் ஒன்று. மகளிர் குழுத் தவணை கட்ட முடியாத மாதத்திலும், கம்மலை அடகு வைத்த மாதத்திலும் அந்தக் கட்டம் காலியாக இல்லை. நம் சபையின் ஸ்பீக்கர் பாக்ஸ் ஒன்று அந்தப் பிள்ளையின் முதல் போனஸில் வாங்கியது. அதில்தான் ஞாயிறுதோறும் நான் சத்தம்போட்டுப் பிரசங்கிக்கிறேன்!

அந்தப் பிள்ளை கதவோரம் நின்று, "காணிக்கை போடக் காசில்லாம எப்படி அய்யா சபைக்கு வர்றது?" என்றாள். நான் பதில் சொல்லத் தெரியாமல் வந்துவிட்டேன்.

அன்று இரவு வேதத்தைத் திறந்தேன். முதலாம் இராஜாக்கள் 17-ம் அதிகாரம். வேதாகமக் கல்லூரியில் பிரசங்கப் பயிற்சிக்கு இதே பகுதியைத்தான் எடுத்தேன். காகங்களைப் பற்றிப் பதினைந்து நிமிஷம், மாவுப் பானையைப் பற்றிப் பதினைந்து நிமிஷம். நடுவில் இருக்கிற 7-ம் வசனத்தை ஒரே மூச்சில் தாண்டிவிட்டேன். நல்ல மார்க்கும் போட்டார்கள்.

அந்த வசனத்தில் என்ன இருக்கிறது? தேவனே எலியாவைக் கேரீத்துக்கு அனுப்பினார். தேவனே காகங்களைக் கட்டளையிட்டார். தினமும் காலையும் மாலையும் அப்பமும் இறைச்சியும் வந்தது, குறைவில்லை. கொஞ்ச நாள் கழித்து அந்த ஆறு வற்றிப்போனது. ஏன்? எலியா ஜெபிக்காமல் இருந்ததினாலா? அவிசுவாசமா? மறைவான பாவமா? வேதம் சொல்லுகிற காரணம் ஒன்றே ஒன்று: தேசத்தில் மழை இல்லை. அவ்வளவுதான்! அந்த மழை நின்றதும் எலியாவின் வாயிலிருந்து வந்த தேவவார்த்தையின்படியே. கர்த்தருடைய சித்தத்தின் மத்தியில் உட்கார்ந்திருந்த மனுஷனின் ஆறும் வற்றும்.

கோடையில் செய்யாற்றைப் பார்த்திருக்கிறீர்கள். ஒரே நாளில் வற்றாது. கால் நனைகிற தண்ணீர் குட்டையாகும், குட்டை ஈரமாகும், பிறகு ஊற்று தோண்டவேண்டும். எலியாவும் ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார். வேலைக்கு ஆபத்து என்று தெரிந்த வீட்டில் ராத்திரி தூக்கம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் 12,000க்கும் அதிகமானவர்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, கோட்டு போட்டுப் படித்த பிள்ளைகளின் பெற்றோரும் என்னிடம் வந்து அதே கண்ணீரைத்தான் வடித்தார்கள். ஏ.சி. அறையிலும் ஆறு வற்றுகிறது.

ஆறு வற்றின பின்பு தேவன் எலியாவைத் திட்டவில்லை. சாறிபாத்துக்குப் போ என்றார். அங்கே யார்? பணக்காரன் அல்ல, கடைசிப் பிடி மாவை வைத்துக்கொண்டு இரண்டு விறகு பொறுக்குகிற விதவை. ஒரு ஏழை வீட்டுப் பானையில் இன்னொருவனுக்கும் பங்கு வைத்திருந்தார். அல்லேலூயா!

மத்தேயு 20-ம் அதிகாரத்தையும் பாருங்கள். சாயங்காலம் வரைக்கும் கடைவீதியில் சும்மா நின்றவர்களிடம் தோட்டக்காரர் காரணம் கேட்கிறார். எங்களை யாரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுகிறார். சோம்பேறி என்று சொல்லவில்லை, உன் காணிக்கைக் கணக்கைக் காட்டு என்று கேட்கவில்லை. மேய்ப்பன் என்று பெயர் வைத்துக்கொண்ட நான் கேட்டேன்.

மறுநாள் காலை அந்த வீட்டுக்குப் போய்த் தாயிடமும் மகளிடமும் மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தாய் டீ போட்டுக் கொடுத்தார்கள். சர்க்கரை பக்கத்து வீட்டில் வாங்கியது என்று எனக்குத் தெரியும்.

பிரியமானவர்களே, ஜெபம் செய்வோம் என்று சொல்லி அனுப்பிவிட்டால் யாக்கோபு நம்மை விடமாட்டார். கூலியைப் பிடித்துவைத்தால் அந்தக் கூலியே கூப்பிடும் என்று எழுதினவர் அவர். ஆகையால் இதையும் கேளுங்கள். ஒரு வருஷம் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்குச் சம்பளமும், வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் கொடுக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தானாக ராஜினாமா செய்ததாய்க் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தால் அது கிடைக்காது. பயத்தில் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள், வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இதைக் கேட்பது மாம்சமல்ல, நியாயம்.

நோக்கியா இருந்த அந்தக் கட்டடத்தைப் பிறகு சால்காம்ப் என்ற சார்ஜர் கம்பெனி வாங்கியது. ஃபாக்ஸ்கானும் திரும்ப ஓடுகிறது, ஐபோன் செய்கிறார்கள். நம் பிள்ளைகள் மறுபடி பஸ் ஏறுகிறார்கள். ஸ்தோத்திரம். ஆனால் 2014-ல் வெளியே வந்தவர்களில் எத்தனை பேர் முப்பது வயதைத் தாண்டிவிட்டதினால் திரும்பக் கூப்பிடப்படவில்லை என்று நம் தெருவிலேயே எண்ணிப் பார்க்கலாம். அவர்களையும் மறக்கக்கூடாது.

வருகிற வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை வேலை இழந்தவர்களுக்காகவே வைத்திருக்கிறோம். வருகிறவர்கள் வேதத்தோடு சம்பளச் சீட்டையும் பி.எஃப். எண்ணையும் கொண்டுவாருங்கள், கணக்குத் தெரிந்த சகோதரர் உட்கார்ந்து பார்த்துச் சொல்லுவார். சபையின் பின்பக்கக் கதவருகே ஒரு அரிசிப் பானை வைத்திருக்கிறேன். போடுகிறவர்கள் பெயர் எழுதவேண்டாம், எடுக்கிறவர்கள் என்னிடம் சொல்லவேண்டாம். பின்பக்கக் கதவு ராத்திரியும் பூட்டப்படாது.

உங்கள் ஜெபத்தை வாஞ்சிக்கும்,
கர்த்தருடைய ஊழியத்தில் உங்கள் சகோதரன்.