மூலநிலை என்பது யாது?
பழைய பிக்கப் வண்டியொன்றின் மீட்டமைப்புப் பற்றிய ஒழுக்கவியல் நோக்கு

ஒரு பொருள் எதுவரை அதே பொருளாக இருக்கின்றது என்னும் வினா மெய்யியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்றாகும். அது ஏட்டிலே தோன்றிய வினாவன்று. மரக்கலத்தின் பலகையை மாற்றிய தச்சனும், வண்டிச் சில்லின் பட்டத்தை மாற்றிய கொல்லனும் அதனைத் தம் கைகளால் முதலிற் சந்தித்திருக்க வேண்டும். இன்று வீட்டு முற்றத்திலே பழைய பிக்கப் வண்டியொன்றைக் கழற்றி மீண்டும் பூட்ட முனைபவனும் அதே வினாவையே சந்திக்கின்றான். ஆனால் அவனுக்கு அவ்வினா இன்னொரு வினாவையும் உடன் கொண்டுவருகின்றது. பழைமையை மீட்பவன் எதற்கு உண்மையாக இருத்தல் வேண்டும்? முன்னையது பொருளின் இருப்புப் பற்றியது; பின்னையது மனிதனின் ஒழுக்கம் பற்றியது. முன்னதற்குக் கூறப்பட்ட விடைகளைத் துணையாகக் கொண்டு பின்னதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளக்கத்திற்காக ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் ஒஸ்ரின் நிறுவனம் 1947இல் ஏ-40 என்னும் காரை அறிமுகஞ் செய்தது. நான்கு சிலிண்டர்களும் 1,200 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் கொண்ட எளிய இயந்திரம் அதனுடையது. அதே அடிப்படையில் வானும் பிக்கப்பும் ஆக்கப்பட்டன. தனிச் சேசியின்மீது உடல் பொருத்தப்பட்டமையால், உடலைத் தூக்கி எடுத்த பின்னரும் வண்டியின் முதுகெலும்பு தனியே நிற்கும். வீட்டிலிருந்து வேலை செய்பவனுக்கு இவ்வமைப்பு வசதியானது. யாழ்ப்பாணத் தெருக்களிலே ஏ-40 கார்கள் பன்னெடுங்காலம் வாடகைக் கார்களாக ஓடின. அவ்வகைப் பிக்கப் ஒன்று ஒரு வீட்டுக் கொட்டிலிலே பல ஆண்டுகள் கிடந்ததெனவும், அதனை மீட்டமைக்க ஒருவன் முன்வந்தானெனவும் கொள்வோம்.

அவனது முதல் வேலை கழற்றுவது. கழற்றிய ஒவ்வொரு போல்ற்றும் எவ்விடத்திலிருந்து வந்ததென்று எழுதிக் கட்டிவைத்தல் வேண்டும். அடுத்தது துருவோடு போராடுவது. உப்புக் காற்று வீசும் நாட்டில் துரு வெளியே தெரிவதிலும் உள்ளே பரந்திருக்கும். துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகட்டை ஒட்டுதல் ஒரு வழி. ஓட்டையைப் புட்டியால் நிரப்பித் தேய்த்து, மேலே பெயின்ற் அடித்தல் மற்றொரு வழி. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் இரண்டாவதில் துரு உள்ளிருந்து தின்றுகொண்டேயிருக்கும். இறுகிப்போன இயந்திரத்தைத் திறந்தால் சிலிண்டர்ச் சுவர்கள் தேய்ந்திருக்கும். அவற்றைக் கடைந்து பெரிதாக்கி, அளவிற் கூடிய பிஸ்ரன்களை இடவேண்டிவரும். கடைந்தெடுத்த இரும்பு மீண்டு வருவதில்லை. இவ்வாறு மீட்டமைப்பின் ஒவ்வொரு படியிலும் ஏதோவொன்று காக்கப்படுகின்றது. ஏதோவொன்று என்றென்றைக்கும் நீங்கிவிடுகின்றது.

ஈற்றில் ஓடத்தொடங்கும் வண்டி பழைய வண்டிதானா? கிரேக்க வீரன் தீசியஸின் மரக்கலத்தை அதென்ஸ் மக்கள் பேணிவந்தனர் என்றும், உழுத்த பலகைகளுக்குப் பதிலாகப் புதியவற்றை இட்டுவந்தமையால் அது அதே கலமா அன்றா என மெய்யியலாளர் வாதிட்டனர் என்றும் புளூட்டார்க் எழுதினார். பதினேழாம் நூற்றாண்டிலே தொமஸ் ஹொப்ஸ் இவ்வினாவைக் கூர்மைப்படுத்தினார். கழித்த பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து அதே ஒழுங்கிற் பூட்டினால், இரு கலங்களுள் எது தீசியஸின் கலம் என அவர் வினவினார்.

கீழைத்தேய மரபிலே இவ்வினா மரக்கலத்தை விட்டு வண்டியிலேயே ஏறியமர்ந்தது. மிலிந்தபஞ்ஹ என்னும் பாளி நூலில் நாகசேன தேரர் மிலிந்த மன்னனிடம், அவன் ஏறிவந்த தேர் எதுவென வினவுகின்றார். அச்சா, சில்லா, நுகமா? எதுவுமன்று; இவை அனைத்தும் கூடியவழி வழங்கும் பெயரே தேர் என்பது அங்கு பெறப்படும் முடிவாகும். நியாய வைசேடிகர் இதனை ஏற்பவரல்லர். உறுப்புகளின் வேறாக அவயவி என்னும் முழுப்பொருள் உண்டென்பது அவர் கொள்கை. ஆனால் ஓர் உறுப்பு நீங்கினால் பழைய அவயவி அழிந்து புதியதொன்று தோன்றுகின்றது எனவும் அவர்கள் கொண்டனர். ஆகவே ஒரு சாராரின்படி மீட்டமைப்பவன் கையில் முன்னரும் வண்டியென ஒரு தனிப்பொருள் இருந்ததில்லை; மறுசாராரின்படி அவன் ஒவ்வொரு நாளும் புதுவண்டியொன்றையே ஆக்குகின்றான். இவ்விரு விடைகளும் தருக்கத்திற்கு இசைந்தவையாயினும், அவன் என்ன செய்தல் தகும் என்பதைச் சொல்லப் போதியனவல்ல.

இவ்விடத்தில் நீதிமன்றத் தீர்ப்பொன்று மனங்கொள்ளத்தக்கது. 1929ஆம், 1930ஆம் ஆண்டுகளில் லெமான் ஓட்டப்பந்தயத்தில் வென்ற பென்ற்லிக் கார் ஒன்றின் விற்பனை தொடர்பான வழக்கு 1990இல் இலண்டன் உயர்நீதிமன்றத்திலே விசாரிக்கப்பட்டது. பந்தயத்தில் ஓடிய காரின் பாகங்களுள் மிகச் சிலவே அதில் எஞ்சியிருந்தன. அது மூலவடிவிலுள்ள கார் அன்று என்பதை நீதிபதி ஒப்புக்கொண்டார். எனினும் பாகங்கள் மாறிய காலமெல்லாம் அதன் வரலாறு இடையறாது தொடர்ந்தது. அப்பெயருக்கு உரிமைகோர வேறொரு கார் இல்லை. ஆதலின் அது மெய்யான காரே என அவர் முடிவுசெய்தார். மூலமாயிருத்தலும் மெய்யாயிருத்தலும் வேறுவேறு என்பதே இத்தீர்ப்பிலிருந்து பெறத்தக்க சிந்தனை. ஒரு வண்டியை அதே வண்டியாக நிலைநிறுத்துவது இரும்பு மாத்திரமன்று. அவ்விரும்பு கடந்துவந்த வரலாறும் ஆகும்.

இது ஏற்கப்படின், மீட்டமைப்பாளரிடையே பரவலாகக் காணப்படும் ஓர் எண்ணம் கேள்விக்குள்ளாகின்றது. தொழிற்சாலை வாயிலைக் கடந்த நாளில் வண்டி இருந்த நிலையே அதன் மூலநிலை, அந்நிலைக்கு அதனை மீளக்கொணர்வதே மீட்டமைப்பின் நிறைவு என்பதே அவ்வெண்ணம். கட்டடக்கலையில் இதையொத்த எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டனத்திற்குள்ளானது. பழைய கட்டடத்தைப் புதுப்பித்தல் அதனை அழித்தலேயாகும் என ஜோன் றஸ்கின் 1849இல் வாதிட்டார். அவர்வழி நின்ற வில்லியம் மொறிஸ், தொன்மையான கட்டடங்களைப் புதுப்பிப்போரிடமிருந்து காப்பதற்கென 1877இல் ஒரு சங்கத்தையே நிறுவினார். நினைவுச்சின்னங்கள் பற்றிய 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் ஒரு நடுவழியை வகுத்தது. எல்லாக் காலத்தவரும் செய்த தகுந்த சேர்க்கைகள் மதிக்கப்படல் வேண்டும். புதிதாக இடப்படும் பகுதி முழுமையோடு இசைந்திருப்பினும் பழையதினின்றும் வேறெனத் தெரிதல் வேண்டும். பழைய வாகனங்களுக்கென 2012இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட ரூறின் சாசனமும் இவ்வழியையே பெரிதும் தழுவியது.

ஐரோப்பாவிலே இஃது அழகியல், வரலாறு ஆகியவை பற்றிய சர்ச்சையாக நின்றுவிடக்கூடும். யாழ்ப்பாணத்துக் கொட்டிலிற் கிடக்கும் பிக்கப்பைப் பொறுத்தவரை அது அவ்வளவில் நிற்பதில்லை. 1960களிலும் 1970களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இந்நாட்டில் வாகனங்களும் உதிரிப்பாகங்களும் அரிதாயின. அக்காலத்தில் வண்டிகளை ஓடச்செய்தவர்கள் கராச்சுகளில் வேலைசெய்த தொழிலாளரே. கிடையாத பாகத்தைக் கடைந்தும், உருக்கி வார்த்தும், வேறொரு வண்டியின் பாகத்தைப் பொருத்தமாக வெட்டியும் அவர்கள் இட்டனர். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டு வடக்கிற்கு எரிபொருள் தடைசெய்யப்பட்டபோது, பெற்றோலுக்கென ஆக்கப்பட்ட இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகையால் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு இயக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். இயந்திரம் தட்டியது, புகை கக்கியது, எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்தது. அமுக்க விகிதம் குறைந்த பழைய இயந்திரங்களே இக்கொடுமையைத் தாங்கின. நோயாளரும் நெல்மூட்டைகளும் சவப்பெட்டிகளும் அவற்றிலேயே சென்றன. 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, எடுத்துச்செல்லக்கூடிய வாழ்க்கையெல்லாம் சைக்கிள்களிலும் மாட்டுவண்டிகளிலும் இத்தகைய வாகனங்களிலும் ஏறியது.

மேற்குறித்த பிக்கப்பின் இயந்திரத்தருகே, துளிப் பெற்றோல் விடுவதற்கென எவரோ பொருத்திய சிறு குழாயொன்று இருப்பதாகக் கொள்வோம். பின்தட்டிலே கையால் அடித்து ஒட்டிய தகடொன்றும் உண்டென்க. தொழிற்சாலையின் கைந்நூலைத் திறந்து பார்ப்பவனுக்கு இவையிரண்டும் குறைகள், அகற்றப்படவேண்டியவை. அவற்றை அகற்றி, 1950ஆம் ஆண்டின் நிறத்தைப் பூசி நிறுத்தினால் வண்டி அழகாயிருக்கும். ஆனால் அவன் அங்கு மீட்பது யாருடைய உழைப்பை? லோங்பிறிட்ஜ் தொழிற்சாலைத் தொழிலாளி சில மணிநேரத்தில் செய்த வேலை மூலம் எனப் போற்றப்படுகின்றது. நாற்பது ஆண்டுகள் அதனை உயிரோடு வைத்திருந்த உள்ளூர்த் தொழிலாளியின் வேலை பழுது எனக் கழிக்கப்படுகின்றது. உடைமையும் வணிகமும் தீர்மானித்த ஓர் அளவுகோலே இத்தேர்வை நடத்துகின்றது. மூலநிலை என்னும் சொல் பொருளின் இயல்பைக் குறிப்பதுபோலத் தோன்றினும், உண்மையிலே அது ஒரு மதிப்பீட்டை மறைத்துநிற்கும் சொல்லாகும்.

இதற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. வறுமையின் வடுக்களை அழகெனப் போற்றுவது வசதியுள்ளோரின் மனப்பாங்கு. அக்குழாயைப் பொருத்தியவன் அதனை விரும்பிப் பொருத்தவில்லை. பெற்றோல் கிடைத்திருப்பின் மறுநாளே அதைப் பிடுங்கி எறிந்திருப்பான். அவன் விரும்பாததை அவன் பெயரால் பேணுவது எவ்வாறு நியாயமாகும்? மேலும், ஓடுவதற்கென ஆக்கப்பட்ட வண்டி ஓடுதலே அதற்குச் செய்யும் மரியாதை. அதனை அருங்காட்சிப் பொருளாக்குவதன்று.

இம்மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. துன்பத்தை அனுபவித்தவன் அதன் அடையாளத்தைத் தன் கண்முன்னிருந்து நீக்க விரும்பினால் அது அவன் உரிமை. மறத்தலும் ஒருவகை ஆறுதலே. ஆனால் அவன் மறப்பதும், பின்வந்த ஒருவன் துடைப்பதும் ஒன்றாகா. முன்னவன் தான் அறிந்ததை நீக்குகின்றான். பின்னவன் பிறர் அறியக்கூடியதை நீக்குகின்றான். அவ்வாறே மாற்றுவதும் மறைப்பதும் ஒன்றல்ல. உழுத்த எரிபொருட் குழாயை மாற்றாது விடுவது ஆபத்து. தேய்ந்த பிரேக்கைப் பழைமையின் பெயரால் பேணுவது பிறர் உயிருக்குச் செய்யும் தீங்கு. மாற்றுவது பல வேளைகளில் கடமையாகும். மாற்றம் நிகழவேயில்லை எனக் காட்டுவதே பொய்யாகின்றது. புட்டிக்குள் துருவை மறைப்பவனும், நாற்பது ஆண்டுகளைப் பெயின்ற்றுக்குள் மறைப்பவனும் அளவால் வேறுபடினும் இயல்பால் ஒத்தவர்களே.

இப்பொய் விற்பனையின்போது வெளிப்படையான தீங்காகின்றது. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் அனுமதிக்கப்படும்வரை, இந்நாட்டிற் பழைய வண்டிகளின் விலை பெரிதும் ஏறியது. புதிதுபோல் மினுங்கும் தகட்டுக்குக் கீழே என்ன உண்டென வாங்குபவன் அறியான். எத்தகடு மாற்றப்பட்டது, எந்த இயந்திரம் இடப்பட்டது என அவனுக்கு எழுதிக் கொடுப்பது கருணையன்று, கடன். விற்கும் எண்ணமே இல்லாதவனுக்கும் இக்கடன் உண்டு. அவனுக்குப் பின் அவ்வண்டி வேறொருவர் கைக்குச் செல்லும்; அவரிடம் கேட்பதற்கு அப்போது எவரும் இருக்கமாட்டார்.

இவற்றிலிருந்து மீட்டமைப்பவனுக்குரிய நெறிகள் சில பெறப்படும். பாதுகாப்புக்கு வேண்டியதை முழுமையாக மாற்றுக. அழகுக்கு வேண்டியதைத் தயக்கத்தோடு மாற்றுக. கழற்றியதை எறியாது, எங்கிருந்ததெனக் குறித்துப் பேணுக. வேலை தொடங்குமுன் வண்டியோடு வாழ்ந்தவர்களைத் தேடி வினவுக. இவற்றோடு குறிப்பேடு ஒன்றையும் வைத்திருந்தால் போதுமெனச் சிலர் கருதலாம். அது போதாது. குறிப்பேடு அலுமாரியிலிருக்கும், வண்டி தெருவிலே நிற்கும். காண்பவர் வாசிப்பது வண்டியையே. ஆதலின் உள்ளூர்க் கையின் சுவடு ஒன்றேனும், ஓட்டத்திற்கு இடையூறின்றி, வண்டியிலேயே கண்ணுக்குத் தெரிய நிற்றல் வேண்டும். கையால் அடித்த அந்தப் பின்தட்டுத் தகடு உறுதியாயிருக்குமாயின் அதனை மாற்றவேண்டிய காரணம் எதுவுமில்லை.

தொகுத்து நோக்கின், ஒரு வண்டி அதே வண்டியாக நிலைப்பது அதன் உறுப்புகள் மாறாமையால் அன்று. அதனைப் பேணியோரின் தொடர்ச்சி அறாமையாலேயே அது நிலைக்கின்றது. அத்தொடர்ச்சியில் தொழிற்சாலை முதற் கண்ணி மாத்திரமே. கராச்சுத் தொழிலாளியும், மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டியவனும் நடுக் கண்ணிகள். மீட்டமைப்பவன் இப்போதைக்கு இறுதிக் கண்ணி. நடுக் கண்ணிகளை அறுத்துவிட்டு முதற் கண்ணியோடு தன்னை நேரே பிணைத்துக்கொள்ள அவன் முயல்வானாயின், அவன் கையில் எஞ்சுவது அழகிய வண்டியாயிருக்கலாம். அந்த வண்டியாய் இராது. வீட்டு முற்றத்திலே ஒருவன் தனியே செய்யும் சிறு வேலைக்குப் பொருந்தும் இவ்வுண்மை, இடிந்த நூலகத்தையும் கோயிலையும் ஊரையும் மீளக்கட்டும் ஒரு சமுதாயத்திற்கும் பொருந்தும். புதிதாக்குவது தவறன்று. இடையில் நிகழ்ந்தது எதுவுமில்லை என்பதுபோலப் புதிதாக்குவதே தவறு.