யார் செலவில் நம்பிக்கை?

மலைப்பொழிவில் இயேசு காட்டுப் பூக்களைச் சுட்டிப் பேசும் இடம் ஒன்று உண்டு. பூக்கள் நூல் நூற்பதில்லை. ஆனாலும் சாலொமோனின் ராஜ உடை அவற்றின் அழகுக்கு ஈடாகாது. ஆகவே எதை உடுப்போம், எதை உண்போம் என்று தவிக்காதீர்கள் என்பது அதன் சாரம். திருப்பூரில் உட்கார்ந்து இதைப் படிப்பவருக்குச் சற்று நெருடும். நூற்பு, நிட்டிங், சாயம், தையல் என்று நூலைச் சுற்றியே பிழைக்கும் ஊர் இது. நூல் விலை ஏறினால் டீக்கடை வரைக்கும் அதே பேச்சு. நூற்காதவற்றை உதாரணம் காட்டும் போதனை, நூலை நம்பி வாழ்பவருக்கு என்ன சொல்ல வருகிறது? நாளையைப் பற்றிக் கவலைப்படாமல் கடவுளை நம்புவது அறமா, அல்லது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வழியா?

பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் கிறிஸ்தவர்களில் பலர் தெற்கு மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அண்மைக் காலத்தில் ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறார்கள். லைன் வீட்டுச் சுவரில் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த வசன அட்டை தொங்கும்; இன்னொரு வீட்டில் வேளாங்கண்ணி மாதா படமும் ஜெபமாலையும். காலை எட்டரை ஷிஃப்டுக்கு ஓடுவதற்குள் ஒரு சின்ன ஜெபம். ஒன்றரை ஷிஃப்ட் என்றால் வீடு திரும்ப இரவு ஒன்பதாகும். சனிக்கிழமை சம்பளம் வந்தால் வாடகை, மளிகை, சீட்டு, ஊருக்கு அனுப்பும் பணம் என்று அன்றிரவே பாதி கரைந்துவிடும். இந்த வாழ்க்கையில் கடவுள் நம்பிக்கை என்பது பெரிய தத்துவக் கேள்வியாக வருவதில்லை. அடுத்த வாரம் வேலை இருக்குமா என்ற கேள்வியாகத்தான் வருகிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது அந்தக் கேள்வி ஊர் முழுவதையும் உலுக்கியது.

அப்படிப்பட்ட நேரத்தில் எளிதில் கிடைக்கும் பதில், நம்பிக்கையைப் பேரமாக்குவது. ஜெபித்தால் ஆர்டர் வரும், தசமபாகம் கொடுத்தால் தொழில் பெருகும், வராவிட்டால் விசுவாசத்தில் ஏதோ குறை. கூட்டங்களில் சொல்லப்படும் சாட்சிகளில் ஆர்டர் கிடைத்தவர் மட்டுமே மேடை ஏறுகிறார். கிடைக்காதவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து தன் மேலேயே குற்றம் கண்டுகொண்டிருப்பார். வாஷிங்டனில் போட்ட ஒரு கையெழுத்துக்கு ஓவர்லாக் டெய்லரின் ஜெபக் குறைவைக் காரணம் காட்டுவது அநியாயம். பிறவிக் குருடனைப் பார்த்து, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவனும் பாவம் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று இயேசு அந்தக் கணக்கையே மறுத்துவிட்டார். யோபு நூலில், துன்பத்தில் இருந்த அவரிடம் அவருடைய நண்பர்கள் போட்டதும் இதே கணக்குதான். அந்த நூலின் முடிவில் கடவுளின் கோபம் அவர்கள் மேல்தான் விழுகிறது.

பேரத்தைவிடக் கெட்டது இன்னொன்று: தான் செய்ய வேண்டியதைச் செய்யாமல், கடவுள் பார்த்துக்கொள்வார் என்று அடுத்தவருக்குச் சொல்வது. யாக்கோபு தன் நிருபத்தில் இதை உடையை வைத்தே விளக்குகிறார். போட்டுக்கொள்ளத் துணியில்லாமல், அன்றைய சோற்றுக்கும் வழியில்லாமல் நிற்பவரிடம், போய் வா, குளிர் காய்ந்து வயிறார இரு என்று வாழ்த்திவிட்டு ஒன்றும் கொடுக்காமல் அனுப்பினால் என்ன பயன் என்று கேட்கிறார். அதே நிருபத்தில் பிடித்துவைத்த கூலியே கடவுளிடம் கூக்குரலிடும் என்கிறார். கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிடு, அவன் அதை நம்பியிருக்கிறான் என்பது மோசேயின் சட்டம். பஞ்சப்படி கேட்டு 1984-இல் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் விசுவாசிகள் இருந்திருந்தால், அவர்களைப் பார்த்து நம்பிக்கை இல்லாதவர்கள் என்று சொல்ல வேதத்தில் இடமில்லை. உரியதைக் கேட்பது அவநம்பிக்கை ஆகாது.

திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றுக்கும் இது பொருந்தும். 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்குப் பதில் சாயக்கழிவு தேங்கும் இடமானது. அணைக்குக் கீழே இருந்த விவசாயிகள் வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏறினார்கள். கழிவுநீரைத் துளியும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பட்டறை நடத்துபவர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, இரவில் வாய்க்காலில் திறந்துவிட்ட தண்ணீருக்குக் காலையில் சொல்லும் ஜெபம் பரிகாரம் ஆகாது. அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் தோட்டத்துக்காரரிடம், கவலைப்படாதீர்கள் என்று சொல்லும் தகுதி அவருக்குக் கிடையாது.

ஓய்வுநாள் கட்டளையும் இந்த வரிசையில் வருவதுதான். ஷிப்மென்ட் நெருக்கும் வாரத்தில் ஞாயிறும் வேலைக்கு வரச் சொன்னால், சபைக்குப் போவதா, கம்பெனிக்குப் போவதா என்று டெய்லர் தவிக்கிறார். கம்பெனிக்குப் போனால் பாவம், போகாவிட்டால் திங்கட்கிழமை மெஷினில் வேறொருவர் இருப்பார். ஆனால் உபாகமத்தில் அந்தக் கட்டளை யாரை நோக்கிப் பேசுகிறது என்று பார்க்க வேண்டும். வேலைக்காரனும் வேலைக்காரியும் மாடும் உடையவனை நோக்கித்தான். உன்னைப் போலவே அவர்களும் இளைப்பாறட்டும் என்கிறது. ஞாயிறு காலை முன்வரிசையில் உட்கார்ந்து பாடும் முதலாளி, தன் கம்பெனியில் அதே நேரத்தில் மெஷின் ஓடவிட்டால், கட்டளையை மீறியவர் அவர்தான். வாடகைக்காக வேலைக்குப் போன டெய்லரின் மேல் அந்தப் பழியைப் போடுவது சுலபம், நியாயம் அல்ல.

இவ்வளவையும் தள்ளிவிட்டால் நம்பிக்கையில் மிச்சம் என்ன? மிச்சமிருப்பதுதான் முக்கியமானது. ஏற்றுமதிக் கம்பெனியில் குழந்தைத் துணி தைக்கும் மெஷினில் ஊசி உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டிக் காட்ட வேண்டும். பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அந்தக் கட்டு முழுவதையும் ஒதுக்கி, மெட்டல் டிடெக்டரில் விட்டுப் பார்க்க வேண்டும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு அத்தனை நிமிடமும் நஷ்டம். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் இருக்கிறார், பையில் ஒரு பழைய ஊசி இருக்கிறது. மாட்டிவிட்டுத் தைத்தால் யாருக்குத் தெரியப் போகிறது? மடிப்புக்குள் போன நுனி, கடல் தாண்டி, பெயர் தெரியாத ஒரு குழந்தையின் கழுத்தில் குத்தலாம். குனிந்து மெஷினுக்கடியில் தேடுகிற அந்தப் பத்து நிமிடத்தில் கடவுள் நம்பிக்கை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். வேதத்திலும் கைவேலையே நம்பிக்கைக்குச் சாட்சியான இடம் உண்டு: யோப்பா பட்டணத்தில் தொற்காள் என்ற சீடப்பெண் இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டே பேதுருவிடம் எடுத்துக் காட்டியது, அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளைத்தான்.

ஊசியைத் தேடுவதற்குக் கடவுள் எதற்கு, சாமி கும்பிடாதவரும்தான் தேடுகிறாரே என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். நேர்மை விசுவாசிகளின் தனிச்சொத்து அல்ல. விசுவாசியைவிட ஒழுங்காகத் தேடும் நாத்திகர் எந்த லைனிலும் கிடைப்பார். ஆனால் இங்கே நடக்கும் சின்னச் சின்னத் தப்புகளின் வேரைப் பார்த்தால் பெரும்பாலும் அது பேராசை அல்ல, பயம். வாரக் கணக்கு குறையுமே என்று ஊசியை மறைக்கிறார் டெய்லர். பார்ட்டியிடமிருந்து பணம் வர இரண்டு மூன்று மாதம் ஆகும், அதற்குள் நூல்காரருக்கு என்ன சொல்வது என்று சனிக்கிழமைச் சம்பளத்தைத் தள்ளிப்போடுகிறார் ஜாப் ஒர்க் எடுத்த சிறு முதலாளி. நேற்றுவரை அவரும் பவர் டேபிளில் உட்கார்ந்து தைத்தவராக இருக்கலாம். சுத்திகரிப்புச் செலவில் தொழில் முழுகிவிடும் என்று வாய்க்காலைத் திறக்கிறார் சாயப்பட்டறைக்காரர். மூவரும் நாளைக்குப் பயந்து இன்றைக்குத் தவறுகிறார்கள்.

கவலைப்படாதே என்ற போதனையின் அறம் இங்கேதான் இருக்கிறது. நாளையைக் கடவுளிடம் விட்டவருக்கு இன்றைய கடமையைச் செய்யத் துணிவு வருகிறது. கொரிந்துவில் பவுல் கூடாரத் தொழில் செய்து தன் சோற்றைச் சம்பாதித்துக்கொண்டேதான் கடவுளை நம்பச் சொன்னார். ஆகவே காட்டுப் பூக்களைப் பற்றிய அந்தப் பகுதி முதலில் வாசிக்கப்பட வேண்டிய இடம் முதலாளியின் மேஜை. டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடிப் பெண்ணிடம் அதைப் போதிப்பது அதற்குப் பிறகுதான். கூலியைக் கொடுத்துவிட்டு, கையில் காசில்லாமல் திங்கட்கிழமையை எதிர்கொள்ளும் முதலாளியும், துண்டு கிடைக்கவில்லை என்று சொல்லி அரை நாள் வரும்படியை இழக்கும் டெய்லரும் ஒரே வசனத்தை ஒரே விதமாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

ஒருவருடைய நம்பிக்கையை எடைபோட அவர் பாடும் பாட்டும் கொடுக்கும் காணிக்கையும் போதாது. அதற்கான செலவை யார் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். தன் கைப்பணத்திலும் தன் தூக்கத்திலும் கொடுத்தால் அது விசுவாசம். அடுத்தவர் கூலியிலோ கிணற்றிலோ கொடுத்தால், அதற்கு எத்தனை வசனம் சொன்னாலும் ஏமாற்று ஏமாற்றுதான்.