புண்பட்ட மனம் எதைக் கேட்கலாம்?

கடவுள் நம்பிக்கை உள்ளவள் நான். தேவாரம் கேட்டு வளர்ந்தவள். நான் கும்பிடும் சாமியை ஒருவர் இழிவாகப் பேசினால் எனக்கு வலிக்கிறது. மதத்தை விமர்சிக்கும் நண்பர்கள் சிலர் இந்த வலியைப் பாசாங்கு என்றும், அரசியல்வாதிகள் தூண்டிவிட்டது என்றும் ஒதுக்கிவிடுகிறார்கள். தூண்டுகிறவர்கள் உண்டுதான். ஆனாலும் அம்மாவும் பாட்டியும் கைகூப்பி நின்ற இடத்தை, துன்பம் வந்தபோது நாம் போய் அழுத இடத்தை ஒருவர் ஏளனம் செய்யும்போது வரும் கோபத்தை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. வலி உண்மை. அந்த வலியை வைத்துக்கொண்டு இன்னொருவரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது? இதுதான் என்னைப் பல காலமாக அரிக்கும் கேள்வி.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வெளிவந்தது. பிள்ளையில்லாத காளி, பொன்னா தம்பதியின் கதை. திருச்செங்கோடு தேர்த்திருவிழாவின் ஓர் இரவில், குழந்தையில்லாத பெண்கள் முன்பின் அறியாத ஆணோடு கூடுவதை ஊர் ஏற்றுக்கொண்டிருந்தது என்று நாவல் சொல்கிறது. நான்கு ஆண்டுகள் அதை வாசித்தவர்கள் வாசித்தார்கள். ஊரில் ஒன்றும் நடக்கவில்லை. 2014 டிசம்பரில் நூலை எரித்தார்கள். ஜனவரியில் திருச்செங்கோட்டில் கடையடைப்பு. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடந்தது. நிபந்தனையற்ற மன்னிப்பு, நூலில் திருத்தம், விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அதற்குப் பிறகுதான், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே முகநூலில் அறிவித்தார்.

அந்தக் கூட்டத்தை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. அது நீதிமன்றம் அல்ல. அங்கே குற்றச்சாட்டு இல்லை, சாட்சி இல்லை, தீர்ப்புச் சொல்லும் அதிகாரமும் யாருக்கும் இல்லை. எந்த அரசும் அந்த நூலைத் தடை செய்திருக்கவில்லை. ஆனாலும் ஓர் எழுத்தாளர் எழுதுவதை நிறுத்தினார். இப்படிப்பட்ட கூட்டத்தில் அதிகாரிகள் போடும் கணக்கு எளிமையானது: ஒரு பக்கம் ஊரே திரண்டு நிற்கிறது, மறுபக்கம் ஒற்றை ஆள். ஊரைக் கலைப்பது கடினம்; ஒருவரைக் குனிய வைப்பது சுலபம். அவர்களுக்குத் தீய எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. சட்டம் ஒழுங்கு கெடக் கூடாது என்ற பதற்றம்தான் இருந்திருக்கும். அந்தப் பதற்றம் எந்த மாவட்டத்திலும், எந்த ஆட்சியிலும், யார் எழுதினாலும் வரக்கூடியது. அதனால்தான் அதற்கு அஞ்சுகிறேன்.

இதே கணக்கை விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியிலும் பார்த்தோம். 2023இல் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் போகக் கூடாது என்று தடுத்தார்கள். பேச்சுவார்த்தைகள் நடந்தன. உடன்பாடு வரவில்லை. ஜூன் மாதம் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். தலித்துகளின் வழிபாட்டு உரிமையில் பேசித் தீர்க்க என்ன இருக்கிறது? சாமி கும்பிடப் போனவரை வாசலில் நிறுத்தும்போது அவர் மனம் புண்படவில்லையா? நம் நாட்டில் புண்பட்ட மனம் என்ற பேச்சு பெரும்பாலும் எண்ணிக்கை உள்ளவர்களின் மனத்தைப் பற்றியதாகவே இருக்கிறது.

இது ஒரு மதத்தின் குறை மட்டுமல்ல. தக்கலையில் கவிஞர் ஹெச்.ஜி. ரசூல் இஸ்லாம் பற்றி எழுதிய கட்டுரைக்காக 2007இல் அவரை ஊர்விலக்கு செய்தார்கள். அந்த ஊரிலேயே பிறந்து, அந்த மக்களின் வாழ்வையே கவிதையாக்கியவர் அவர்.

மத உணர்வைப் புண்படுத்தினால் தண்டிக்கச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். அந்தச் சட்டம் பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். 1920களில் நபிகளைப் பற்றிய ஒரு சிறு நூலை லாகூரில் ராஜ்பால் என்பவர் வெளியிட்டார். 1927இல் லாகூர் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அப்போதிருந்த சட்டப்பிரிவு அவர் செய்ததற்குப் பொருந்தாது என்றது. கொந்தளிப்பு எழ, அதே ஆண்டில் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 1929இல் ராஜ்பால் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். புதிய சட்டம் கோபத்தை ஆற்றவும் இல்லை, ஓர் உயிரைக் காக்கவும் இல்லை. வேண்டுமென்றே, தீய உள்நோக்கத்தோடு செய்தால் மட்டுமே இந்தப் பிரிவு பொருந்தும் என்று 1957இல் உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டியது. நல்ல வரம்புதான். ஆனால் அது பயன்படுவது வழக்கு நீதிமன்றப் படி ஏறிய பிறகு. அதற்குள் காவல் நிலையம், முன்ஜாமீன், வாய்தா என்று எழுதியவரின் வாழ்க்கை கரைந்துவிடும். பாரதிய நியாய சன்ஹிதாவில் அதே பிரிவு இன்று 299 என்ற எண்ணோடு தொடர்கிறது.

வலித்தபோது நம்மவர்கள் வேறு வழியும் கண்டிருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மிஷனரிகள் சைவத்தைக் கடுமையாகத் தாக்கி அச்சடித்துப் பரப்பினார்கள். ஆறுமுக நாவலருக்கு அது எவ்வளவு வலித்திருக்கும்! அவரோ பேர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்தவர். எதிர்த்தரப்பின் வேதத்தை வரிவரியாக அறிந்தவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கினார். அடுத்த ஆண்டு அச்சுக்கூடம் வைத்தார். 1854இல் ‘சைவதூஷண பரிகாரம்’ எழுதி, சைவ வழிபாட்டில் குறை என்று அவர்கள் சொன்னவற்றுக்கு நிகரானவை பைபிளிலேயே இருப்பதைக் காட்டிப் பதில் சொன்னார். பின்னாளில் வள்ளலாரோடு மூண்ட அருட்பா, மருட்பா சண்டையில் நாவலரே 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கினால் சைவத்துக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை என்பதே என் எண்ணம். பள்ளியும் அச்சுக்கூடமும் ஒரு தலைமுறையையே உருவாக்கின.

எங்கள் ஊரில் திராவிடர் கழகத்தார் கூட்டம் போட்டால் அப்பா நெற்றி நிறைய விபூதியோடு போய் முன்வரிசையில் உட்காருவார். பிள்ளையார் கதை கிழிபடும். வீட்டுக்கு வந்ததும் பெரிய புராணத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அவர்கள் கேட்ட கேள்விக்கு விடை தேடுவார். சில கேள்விகளுக்கு விடை கிடைக்கவில்லை என்று எங்களிடமே சொன்னார். கோயிலில் சாதி பார்ப்பதை அவர் வெறுக்கத் தொடங்கியது அந்தக் கூட்டங்களுக்குப் போன பிறகுதான். அவர் பக்தி குறையவில்லை.

எல்லாப் பேச்சையும் நான் ஒன்றாக்கவில்லை. இந்த மதத்தானுக்கு வீடு கொடுக்காதே, அவன் கடையில் வாங்காதே, அவனை அடி என்பது விமர்சனம் அல்ல. அதைச் சட்டம் தடுத்தே ஆக வேண்டும். கடவுளையும் சடங்கையும் புராணத்தையும் கேள்வி கேட்பது வேறு.

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும், நாமக்கல்லில் எழுதி வாங்கிய உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்றார்கள். பிடிக்காத நூலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகலாம் என்றார்கள். பெருமாள்முருகனை மறுபடியும் எழுதச் சொன்னார்கள். அவரும் எழுதினார்.

ஒரு நீதிமன்றம் வந்து இதைச் சொல்ல வேண்டியிருந்தது நம்பிக்கையாளர்களாகிய நமக்குப் பெருமை அல்ல. வலித்தால் பதில் எழுதலாம், மேடை போட்டு மறுக்கலாம், அந்த நூலைத் தொடாமலே இருக்கலாம். வாயை மூடு என்று மட்டும் கேட்கக் கூடாது. இனி ஒருமுறை நம் சாமியின் பெயரைச் சொல்லி யாரையாவது அலுவலகத்தில் உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கினால், இது எங்களுக்கு வேண்டாம் என்று முதலில் எழுந்து சொல்ல வேண்டியவர்கள் கோயிலுக்குப் போகும் நாம்தான். சொல்லுங்கள்.