பழைய வேட்டியும் பதினைந்து நாளும்

தில்லி சரோஜினி நகர்ச் சந்தையில் கொட்டிக் கிடக்கும் ஏற்றுமதி மிச்சத் துணிகளுக்கிடையே பச்சைக் குழந்தைகளின் காலுறைகளும் உண்டு. கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். மாசமாக இருப்பவளும் கணவனும் அதைத் தொட்டுப் பார்க்காமல் நகர்வது கடினம். ஆனால் ஊரிலிருந்து வரும் தொலைபேசி தடுக்கும்: பிறக்கும் முன் புதுத்துணி வாங்காதே, முதலில் பழைய வேட்டியில்தான் சுற்ற வேண்டும். பிள்ளை தங்குமா என்ற பழைய அச்சத்தின் மிச்சம் அது. அச்சத்தைத் தள்ளிவிடலாம், வேட்டியைத் தள்ள எனக்கு மனமில்லை. துவைத்துத் துவைத்து நைந்த பருத்தி, வெயிலில் காய்ந்திருந்தால், பிஞ்சுத் தோலுக்கு இதமானது. யோசித்தால் அந்த வழக்கம் துணியை மட்டும் நம்பி நிற்கவில்லை. வேட்டியைக் கிழிக்க, நனைந்ததை அலச, நள்ளிரவில் பிள்ளையை வாங்கிக்கொள்ள வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். எதையும் வாங்காமல் இருக்க முடிந்தது அதனால்தான்.

தில்லியில் வேட்டி கிடைக்கும், ஆட்கள் கிடைப்பார்களா? தாய்வீடு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். அரசு குவார்ட்டர்ஸில் அக்கம்பக்கத்து மாமிகளாவது இருந்தார்கள். 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த மறுகட்டுமானத் திட்டத்தில் சரோஜினி நகரின் பழைய அரசுக் குடியிருப்புகளும் அடங்கின. கட்டடத்தை மறுபடி எழுப்பலாம், கலைந்த அக்கம்பக்கத்தை எழுப்புவது எப்படி? ஆகவே பிள்ளைப்பேற்றுக்குத் தயாராவது என்பது முதலில் ஆள் சேர்ப்பது, பொருள் அப்புறம்.

இல்லாதவர்களுக்குப் பொருளும் பெரிதல்லவா என்று கேட்கலாம். நியாயம்தான். பின்லாந்து 1938 முதல் ஏழைத் தாய்மாருக்கும், 1949 முதல் எல்லாருக்கும் குழந்தைப் பெட்டி தருகிறது. ஆனால் 1949இல் ஒரு நிபந்தனையும் வந்தது: நான்காம் மாதம் முடிவதற்குள் தாய் மருத்துவரிடம் காட்டியிருக்க வேண்டும். பெட்டி ஒரு சாக்கு. அவளைக் கவனிக்கும் கையிடம் சேர்ப்பதே நோக்கம். தமிழ்நாடு 2015இல் அரசு மருத்துவமனைப் பேறுகளுக்குத் தந்த 16 பொருள் பெட்டகத்தில் எனக்குப் பிடித்தது சௌபாக்ய சுண்டி லேகியம். பிள்ளையோடு பெற்றவளையும் யாரோ நினைத்திருக்கிறார்கள்.

கவனிக்கும் கைகளுக்குக் கிடைக்கும் நேரம் இது: மத்திய அரசு ஊழியரான தாய்க்கு 180 நாள் விடுப்பு, தகப்பனுக்கு 15. தனியார் வேலையில் இருப்பவனுக்குச் சட்டப்படி அதுவும் இல்லை. இந்தப் பதினைந்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன். பேறுகாலத்தை ஒட்டி எடுப்பதே வழக்கம். அப்போது பாட்டி வந்திருப்பாள், லேகியம் கிண்டியிருப்பாள், தகப்பன் வாசலுக்கு வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருப்பான். பாட்டி ரயிலேறிய மறுநாள்தான் வீட்டில் கை குறையும். விடுப்பை அதற்கு வைத்துக்கொண்டால்? முதல் நாட்களில் பிள்ளையைத் தூக்கிப் பழகாதவன் பிறகு பழகுவானா என்பது எதிர்க்கேள்வி. அதற்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை. அறுவைப் பேறு என்றால் என் கணக்கே தலைகீழாகும். காலுறை வாங்கும் முன் இருவரும் காலண்டரை எடுத்துவைத்துப் பேசிவிடுங்கள். பிள்ளை பிறந்து ஆறு மாதத்துக்குள் எடுக்காவிட்டால் அந்த விடுப்பு காலாவதி.