ரெடிஸுக்குத் தெரியுமா?

இணையக் கடையில் ஒரு சட்டையைத் தட்டிப் பார்க்கிறார் ஒருவர். படம், விலை, அளவு, அதன் கீழே 'இருப்பு உள்ளது' என்று ஒரு வரி. அந்த வரியைச் சொன்னது யார்? கிடங்கு அலமாரியை எட்டிப் பார்த்த ஆள் இல்லை. கணக்கு வைத்திருக்கும் தரவுத்தளமும் இல்லை. இதே பக்கத்தைச் சற்று முன் வேறொருவர் கேட்டபோது தயாரான விடையை அப்படியே நினைவில் வைத்திருந்த ஒரு மென்பொருள் இப்போது அதை ஒப்பித்துவிட்டது. பெரும்பாலும் சரியாகவே ஒப்பிக்கும். சரியாகச் சொல்லிவிட்டதாலேயே அதற்குத் 'தெரியும்' என்று ஆகிவிடுமா?

கேள்வி கணினிக்கு முந்தியது. 9ஆம் நூற்றாண்டுக் காஷ்மீரத்தில் அரசன் ஆணையால் அடைபட்டுக் கிடந்தபோது பொழுதைக் கழிக்க எழுதியதாக ஜயந்த பட்டர் சொல்லும் 'நியாயமஞ்சரி'யில் இதற்கு ஒரு கூர்மையான விடை இருக்கிறது. அதற்கு முன், கடையின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

மெஜென்டோ 2008இல் வெளிவந்த கடை மென்பொருள். 2018 முதல் அடோபி நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அதன் தரவுத்தள அமைப்பு தாராளமானது; அதனாலேயே மெதுவானது. ஒரு சட்டையின் பெயர் ஓர் அட்டவணையில் இருக்கும், விலை பதின்ம எண்களுக்கான இன்னோர் அட்டவணையில், நீண்ட விவரணை மூன்றாவதில், விற்பனைக்கு உண்டா இல்லையா என்ற குறிப்பு நான்காவதில். எந்தப் பொருளுக்கும் எந்தப் புதுப் பண்பையும் கடைக்காரர் நினைத்தபோது சேர்த்துக்கொள்ளலாம் என்பதற்காக இந்த ஏற்பாடு. ஒரு பக்கம் உருவாக இத்தனையையும் தேடிக் கோக்க வேண்டும். ஆயிரம் பேர் வந்தால் ஆயிரம் முறை. ஒருமுறை கோத்ததை எடுத்து வைத்துக்கொண்டு அடுத்தவருக்கும் அதையே நீட்டுவதுதான் கேஷ்.

சும்மா விட்டால் மெஜென்டோ இதை வட்டில் கோப்புகளாக எழுதி வைக்கும். கூட்டம் கூடும் கடைகளில் அது போதாது. ராமுக்கு, அதாவது கணினியின் உடனடி நினைவகத்துக்கு, மாற்றிவிடுவார்கள். லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்துக்காக 2003இல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் எழுதிய மெம்கேஷ்டு இந்த வேலைக்குப் பேர்போனது. சிசிலிக்காரரான சால்வடோரே சான்ஃபிலிப்போ 2009இல் வெளியிட்ட ரெடிஸ் இன்று அதைவிடப் பரவலாக இருக்கிறது. அமைப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அமைப்புக் கோப்பில் சில வரிகள்: சர்வரின் முகவரி, 6379 என்ற போர்ட், எந்த அறை என்ற எண். ரெடிஸ் வழக்கமாக 0 முதல் 15 வரை 16 அறைகளோடு வரும். 0இல் பொதுவான கேஷ், 1இல் முழுப்பக்கக் கேஷ், 2இல் வாடிக்கையாளர் செஷன், அதாவது அவரது வருகைக் குறிப்பு, என்று பிரிப்பது அடோபியின் ஆவணங்கள் காட்டும் வழி.

வரிகளை எழுதி முடித்ததும் கடை பறக்கும். அதன்பின் எழுவதுதான் தத்துவச் சிக்கல்.

மணிமேகலை வஞ்சி நகரில் சமயக்கணக்கர்களைச் சந்திக்கும் காதையில் முதலில் பேசுபவன் அளவைவாதி. அறிவுக்கு வழியான அளவைகளை அடுக்கிவிட்டு, அளவை போலத் தோன்றி ஏமாற்றும் குறைகள் எட்டு என்கிறான். அவற்றில் ஒன்று, உணர்ந்ததையே மறுபடி உணர்தல். குளிருக்குத் தீ மருந்து என்று ஒருவன் பெரிதாகக் கண்டுபிடித்தால் எப்படி, அந்த மாதிரி. இன்னொன்று நினைப்பு: உன் தாய் தந்தை இவர்கள்தாம் என்று பிறர் சொல்ல, அதை அப்படியே கொள்வது. ரெடிஸ் செய்வது இந்த இரண்டையும்தான். தரவுத்தளம் சொன்னதைக் கேட்டு வைத்துக்கொள்கிறது; அதையே திரும்பத் திரும்ப உணர்கிறது.

குமாரில பட்டரின் வழிவந்த, வேதத்துக்குப் பொருள் காணும் மீமாம்சகர்களும் ஏறத்தாழ இந்தக் கட்சிதான். முன்பு அறியாத ஒன்றை அறிவித்தால் மட்டுமே அது பிரமாணம், அதாவது அளவை. நினைவு புதிதாக எதையும் தராது, ஆகவே தள்ளு என்பார்கள். ஜயந்தர் முடிவை ஏற்கிறார், காரணத்தை ஏற்கவில்லை. ஏற்கெனவே அறிந்ததை மீண்டும் அறிவதில் குற்றம் என்ன? அதே பானையை இரண்டாம் முறை கண்ணால் பார்த்தால் அது பார்வை இல்லையா? நினைவின் குறை வேறிடத்தில் இருக்கிறது என்கிறார் அவர்: நினைவு பொருளிலிருந்து பிறப்பதில்லை. பொருள் எதிரே இருக்க வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. பானை உடைந்து ஓடாகிப் போன பிறகும் பானையின் நினைவு முழுசாக எழும்.

ஜயந்தர் சொன்னதை மெஜென்டோ கடைகளில் கண்கூடாகவே பார்க்கலாம். பல கடைகள் முழுப்பக்கக் கேஷுக்கு வார்னிஷ் என்ற மென்பொருளை முன்னால் நிறுத்துகின்றன. மெஜென்டோ அதற்குத் தரும் அமைப்புக் கோப்பில், பின்னால் இருக்கும் சர்வர் நோயுற்றுப் பதில் சொல்லாமல் போனால் பழைய பக்கங்களையே 3 நாள் வரை கொடுத்துக்கொண்டிருக்கலாம் என்று எழுதியிருக்கிறது. கடை செத்துக் கிடக்கும். வாசலில் விளக்கு எரியும், விலைப்பட்டியல் தொங்கும், 'இருப்பு உள்ளது' என்ற வரியும் இருக்கும். இதைத் தவறு என்று எந்தப் பொறியாளரும் சொல்லமாட்டார். வெற்றுப் பிழைப்பக்கத்தைவிட இது மேல். அதே சமயம், பொருளோடு தொப்புள்கொடி அறுந்த அறிவு என்று ஜயந்தர் காட்டியதற்கு இதைவிட நல்ல உதாரணமும் கிடைக்காது.

எல்லாரும் இவ்வளவு கறாராக இல்லை. 8ஆம் நூற்றாண்டுச் சமண அறிஞர் அகளங்கர் நினைவைப் பிரமாணங்களின் வரிசையிலேயே உட்கார வைத்தார். துவைத மரபின் மத்வரும் நினைவைத் தள்ளவில்லை. இவர்களுக்கு நடுவே, சோழநாட்டுக் கண்டிரமாணிக்கத்தைச் சேர்ந்தவராகச் சொல்லப்படும் 17ஆம் நூற்றாண்டு அத்வைதி தர்மராஜ அத்வரீந்திரர் 'வேதாந்த பரிபாஷை'யில் செய்தது சுவாரசியமானது. மெய்யறிவுக்கு அவர் இரண்டு இலக்கணம் தருகிறார். நினைவைச் சேர்க்க வேண்டாமா? அப்படியானால் 'முன்பு அறியாததும், பின்னால் பொய்யாகாததும்' என்று சொல். சேர்க்க வேண்டுமா? 'பின்னால் பொய்யாகாதது' என்பதோடு நிறுத்திக்கொள். நழுவல் போலத் தெரியும். ஆனால் கேள்வியின் பாரம் எதில் இருக்கிறது என்று இது காட்டிவிடுகிறது: புதுமையில் அன்று, பொய்யாக்கப்படாமல் நிற்பதில்.

அடுத்த பத்தியிலேயே அவர் இன்னொன்றை எடுக்கிறார். ஒருவன் பானையையே தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டாம் கணத்து அறிவு ஏற்கெனவே அறிந்ததுதானே, அதுவும் தள்ளுபடியா? ஒரு விடை: ஒவ்வொரு கணமும் அறிவுக்குள் சேர்கிறது, 'இந்தக் கணத்துப் பானை', 'அடுத்த கணத்துப் பானை' என்று ஒவ்வொன்றும் புதிது. அத்வைதத்தின் சொந்த விடை வேறு: அங்கே பல அறிவுகள் இல்லை, ஒன்றே ஒன்றுதான், அதற்கு எதிரான மனவிருத்தி, அதாவது மன அசைவு, எழும்வரை அது அப்படியே நிற்கும்.

கேஷ் அமைப்பவர்கள் தினமும் தேர்ந்தெடுப்பது இந்த இரண்டில் ஒன்றைத்தான். ஒரு வழி, ஆயுள் குறிப்பது. மெஜென்டோவின் முழுப்பக்கக் கேஷுக்கு இயல்பான ஆயுள் 86,400 விநாடி, ஒரு முழு நாள். கணங்களை எண்ணும் கட்சி இது. மற்ற வழி, குறி ஒட்டுவது. ஒவ்வொரு பக்கத்தின் மீதும் அதில் வரும் பொருள்களின் எண்கள் ஒட்டப்பட்டிருக்கும். நிர்வாகத் திரையில் யாரோ சட்டையின் விலையை மாற்றிச் சேமித்ததும், அந்த எண் ஒட்டிய பக்கங்கள் அத்தனையும் செல்லாதவை ஆகிவிடும். எதிரான அறிவு எழும்வரை பழையது நிற்கும், எழுந்ததும் விழும்.

இரண்டாவது வழி அழகானது, தத்துவத்திலும் கடையிலும். ஆனால் அதில் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது: மறுப்பு வந்து சேரப் பாதை இருக்க வேண்டும். நள்ளிரவில் சப்ளையர் அனுப்பிய புது விலைகளை ஒரு ஸ்கிரிப்ட் மூலம் நேராகத் தரவுத்தள அட்டவணையிலேயே ஏற்றிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மெஜென்டோவின் சேமிப்பு வழி மிதிபடவே இல்லை. குறி ஒட்டிய பக்கங்களுக்குச் செய்தி போகாது. உலகம் மாறிவிட்டது, மறுப்பு எழவில்லை. பழைய விலை ஆயுள் முடியும்வரை கம்பீரமாக நிற்கும். பொய்யாகாமல் நிற்பது ஒன்று, பொய்யாக்க ஆள் வராமல் நிற்பது வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். எங்கெல்லாம் மறுப்புக்குப் பாதை உறுதியாக உண்டோ அங்கே தர்மராஜரை நம்பலாம். இல்லாத இடத்தில் ஜயந்தர் சொல்வதுபோலப் பொருளிடமே போய்க் கேட்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

அப்படிப் போய்க் கேட்கும் இடம் பணம் கட்டும் பக்கம். மெஜென்டோவில் அது கேஷ் ஆகாது. பட்டியலில் என்ன சொல்லியிருந்தாலும், ஆர்டர் வைக்கும்போது இருப்பு மூலத்தில் சரிபார்க்கப்படும். முரண்பட்டால் மூலமே வெல்லும். மீமாம்சையில் ஸ்மிருதிக்கும் (நினைவு வழி வந்த நூல்) சுருதிக்கும் (வேதம்) உள்ள உறவும் இதுவே. ஸ்மிருதி சொல்வதற்கு மூல சுருதி கைக்குக் கிடைக்காவிட்டாலும், எங்கோ இருந்திருக்கும் என்று அனுமானித்து ஏற்கலாம். கைவசம் உள்ள சுருதியோடு மோதினால் ஸ்மிருதியை விட்டுவிட வேண்டும் என்பது மீமாம்சைச் சூத்திரங்களின் ஆசிரியர் ஜைமினியின் விதி. உரைகாரர் சபரர் தரும் உதாரணம், வேள்விச்சாலையில் நடும் அத்திமரத் தூண். அதை முழுவதும் துணியால் சுற்றச் சொல்கிறது ஸ்மிருதி. தொட்டுக்கொண்டு பாடச் சொல்கிறது சுருதி. முழுக்கச் சுற்றிவிட்டால் தூணை எங்கே தொடுவது? அந்த ஸ்மிருதி எப்படி வந்தது என்பதற்குச் சபரர் ஒரு காரணமும் சொல்கிறார்: துணிக்கு ஆசைப்பட்ட யாரோ சிலர் அப்படிச் சுற்ற ஆரம்பித்திருக்கலாம். நினைவு பிசகுவது எப்போதும் மறதியால் அல்ல. இடையில் யாருக்கோ லாபம் இருக்கலாம். கையிருப்பு நிறையக் கிடக்கும்போதும் 'இரண்டே மீதம்' என்று காட்டும் கடைகளைக் கண்டவர்களுக்குச் சபரரின் சந்தேகம் புதிதாக இருக்காது.

இதுவரை பேசியது பழசாகிப்போன உண்மை. இடம் மாறிய உண்மை இன்னும் மோசம். 2015 டிசம்பர் 25 அன்று ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருள் கடைமீது தாக்குதல் நடந்தது. போக்குவரத்து, தள்ளுபடிக் காலச் சராசரியைவிட 2000 சதவீதம் ஏறியதாகக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் பின்னர் சொன்னது. சமாளிக்க அவசரமாகப் போட்ட கேஷ் அமைப்புகளில் ஒன்று, உள்நுழைந்தவர்களின் சொந்தப் பக்கங்களையும் பொதுப் பக்கம் என்று எண்ணி நினைவில் வைத்துக்கொண்டது. சுமார் ஒன்றரை மணி நேரம், ஒருவர் கணக்கைத் திறந்தால் இன்னொருவரின் பில் முகவரியோ மின்னஞ்சலோ வாங்கிய பட்டியலோ கண்ணில் பட்டது. ஏறத்தாழ 34,000 பேரின் விவரங்கள் இப்படி வெளியே போயிருக்கலாம் என்றது வால்வ். முழு அட்டை எண்ணோ கடவுச்சொல்லோ போகவில்லை.

அந்தப் பக்கங்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. முகவரி உண்மை, வாங்கியவை உண்மை. ஆளுக்கு ஆள் இடம் மாறிப் போயின, அவ்வளவுதான். நியாய மரபு பிழைக்குத் தரும் விளக்கம் இதற்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. சிப்பியைப் பார்த்து வெள்ளி என்று ஒருவன் மயங்கினால், அவன் கண்ட வெள்ளி கற்பனை அல்ல. கடைத்தெருவில் எங்கோ உண்மையாகவே இருக்கும் வெள்ளி, நினைவு வழியாக வந்து இங்கே தவறாக ஒட்டிக்கொண்டது என்பார்கள் நையாயிகர்கள். மெய்யறிவு என்பது உள்ளதை உள்ள இடத்தில் அறிவது. மெஜென்டோ இந்த ஆபத்தைச் சமாளிக்கும் விதம் எளியது: நினைவில் வைக்கும் பக்கத்தில் வாடிக்கையாளர் பெயரும் கூடையும் வரவேண்டிய இடங்களை வெற்றாக விட்டுவிடும். பக்கம் போய்ச் சேர்ந்த பிறகு, அவரவர் உலாவி தனியாகக் கேட்டு நிரப்பிக்கொள்ளும்.

கடைசியாக மறதி. ராம் நிரம்பினால் எதை விடுவது? ஐபிஎம்மின் லாஸ்லோ பெலாடி 1966இலேயே சிறந்த விடையைக் காட்டிவிட்டார்: எது இனிமேல் நெடுநேரம் தேவைப்படாதோ அதை விடு. அதற்கு எதிர்காலம் தெரிய வேண்டும். தெரியாததால், நெடுநேரமாக யாரும் தொடாததை விடுவது வழக்கம். ரெடிஸ் அதையும் கறாராகச் செய்வதில்லை. வழக்கமாகக் குலுக்கலில் 5 சாவிகளை எடுத்து அவற்றுள் நெடுநேரம் தொடப்படாததை வெளியேற்றும். விலைப்பக்கத்துக்கு இது போதும். போனால் மூலத்திடம் கேட்டு மீண்டும் கட்டிக்கொள்ளலாம்.

ஆனால் 2ஆம் அறையில் இருக்கும் செஷன் அப்படி அல்ல. ஒருவர் உள்நுழைந்திருக்கிறார், உள்நுழையாத இன்னொருவரின் கூடை இன்னது என்ற செய்தி அங்கே மட்டும்தான் இருக்கிறது. அதற்குப் பின்னால் சுருதி கிடையாது, நினைவேதான் மூலம். 'கேஷைக் காலி செய்' என்று நினைத்து யாராவது ஃப்ளஷ்ஆல் கட்டளையை அடித்தால் 16 அறையும் ஒன்றாகப் போய், கடைக்குள் இருந்தவர்கள் அத்தனை பேரும் வெளியே நிற்பார்கள். அதனால் விவரம் தெரிந்தவர்கள் செஷனுக்குத் தனி ரெடிஸ் வைத்து, எதையும் வெளியேற்றாதே என்று கட்டளை கொடுத்து, ஒவ்வொரு மாற்றத்தையும் விநாடிக்கு ஒருமுறை வட்டிலும் எழுதச் சொல்கிறார்கள். அந்த ஏற்பாட்டில் மின்சாரம் போனால் போகக்கூடியது ஏறத்தாழ ஒரு விநாடிச் செய்தி. அந்த விநாடியில் உள்நுழைந்தவர் கடவுச்சொல்லை மறுபடி ஒருமுறை அடிக்க வேண்டியிருக்கும்.