பெயரும் வர்ணனையும்

1993 ஏப்ரலில் மாஸிடோனியாவைச் சேர்த்துக்கொண்ட ஐக்கிய நாடுகள் சபை அதற்குப் பெயர் தரவில்லை. 'முன்னாள் யூகோஸ்லாவியக் குடியரசான மாஸிடோனியா' என்று ஒரு வர்ணனையைத் தந்தது. அகர வரிசையில் நாற்காலியை எங்கே போடுவது? வர்ணனைக்கு முன்னால் நிற்கும் ஆங்கிலச் சுட்டுச்சொல்லைப் பிடித்துக்கொண்டு, தாய்லாந்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். காஃப்காகூடச் சற்றுத் தயங்கியிருப்பார்.

ஆட்சேபித்தது கிரீஸ். அதன் வட பிரதேசத்துக்கும் அதே பெயர். 1977ல் வெர்ஜினாவில் தோண்டியெடுத்த தங்கப் பேழையின் 16 கதிர்ச் சூரியனைப் புதிய தேசம் தன் கொடியில் வைத்தது. கிரீஸ் 1994ல் வர்த்தகத்தை முடக்கியது. 1995ல் கொடி மாறிற்று. பெயர் மாற 2019 ஆயிற்று: வட மாஸிடோனியா. கிரேக்கர்களின் பயத்தை வெறும் அபத்தம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. அலெக்ஸாண்டருக்குப் பல நூற்றாண்டுகள் பின்னால் வந்த ஸ்லாவியர்களின் சந்ததி, 2011ல் ஸ்கோப்யே சதுக்கத்தில் அவன் ஜாடையில் ஒரு குதிரைவீரனை நிறுத்தியது சரித்திரத்தைக் கடன் வாங்குவதுதான். ஆனால் ஒரு கிழவி தன் பேச்சுக்குச் சொல்லிவரும் பெயரை அகழ்வாராய்ச்சி பறித்துவிட முடியாது.

இவ்வளவும் எனக்கு இரண்டாம் பட்சம். பெயருக்காகக் காயப்பட்டவன் பிறர் பெயரிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்பதே என்னைத் தொந்தரவு செய்கிறது. 1997ல் கோஸ்திவார் நகர மேயர் நகரசபைக் கட்டிடத்தில் அல்பேனியக் கொடியைப் பறக்கவிட்டார். போலீஸ் வந்து இறக்கியது. மோதலில் மூன்று பேர் செத்தார்கள். மேயர் சிறைக்குப் போனார். தன் கொடியை இழந்து இரண்டு வருஷம்கூட ஆகாத அரசாங்கம் செய்த காரியம் இது. 2001ல் ஆயுத மோதல், ஓஹ்ரித் ஒப்பந்தம், அரசியல் சட்டத் திருத்தம். மொழி பற்றிய அந்தத் திருத்தம் அல்பேனிய மொழியைப் பெயர் சொல்லவில்லை. குறைந்தது 20 சதவீதப் பிரஜைகள் பேசும் வேறு மொழி என்கிறது. மறுபடியும் வர்ணனை! தாய்லாந்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே எழுதிய வாக்கியம். வேதனை நியாயத்தைக் கற்றுத்தரும் என்று நாம் கவிதைகளில் எழுதிக்கொண்டிருக்கிறோம். அது பெரும்பாலும் உத்தியைத்தான் கற்றுத்தருகிறது போலும்.

அரசியல் சட்ட முகவுரை அல்பேனியர், துருக்கியர், விளாக்கர், செர்பியர், ரோமாக்கள், போஸ்னியாக்கர் என்று போய் 'மற்றவர்கள்' என முடிகிறது. 2021 கணக்கெடுப்பின் சுமார் 3500 பல்கேரியர்கள் இந்த 'மற்றவர்'களுக்குள் இருக்கிறார்கள். அவர்களைப் பெயர் சொல்லி எழுதினால்தான் ஐரோப்பிய யூனியனுக்கு வழி என்று 2022ல் பல்கேரியாவின் நிர்ப்பந்தம். அதே பல்கேரியா தன் எல்லைக்குள் மாஸிடோனியச் சிறுபான்மை என்று ஒன்று உண்டென ஒப்புக்கொள்வதில்லை. கேட்பவனுக்கு யோக்யதை இல்லை என்பதற்காக 3500 பேர் பெயரில்லாமல் இருக்க வேண்டுமா? எழுதிவிடலாம் என்பது என் கட்சி. 2024ல் ஸ்கோப்யேயில் ஆட்சிக்கு வந்தவர்கள் இதற்குச் சம்மதிக்கவில்லை.